மஞ்சுக்குள் போன வெள்ளைத் துண்டு

மலைப்பாதையில் முனி வழிமறித்தது, மோகினி கைகாட்டினாள் என்று என்னிடம் வந்து சொன்ன டிரைவர்களை எல்லாம் நான் மூஞ்சிக்கு நேரே இரண்டே கேள்விதான் கேட்பேன். பிரேக்கைப் பார்த்தாயா, ராத்திரி ஒழுங்காகத் தூங்கினாயா. இரண்டுக்கும் நேராகப் பதில் சொன்னவன் ஒருத்தன்கூடக் கிடையாது. எங்கள் மார்க்கத்தில் ஜின் உண்டு, வேதத்தில் இருப்பதை இல்லை என்று சொல்ல நான் யார், ஆனால் அது வேலைவெட்டி இல்லாமல் போடிமெட்டு ரோட்டில் வந்து நிற்கும் என்று எவனாவது சொன்னால் எனக்குக் கோபம்தான் வரும். வண்டி கவிழ்ந்தால் தப்பு ஓட்டினவனிடம் இருக்கும், இல்லையென்றால் வண்டியிடம் இருக்கும், மூன்றாவதாக ஒன்று கிடையாது என்று அடித்துப் பேசுவேன். இன்றைக்கும் பாதி நேரம் அப்படித்தான் பேசுகிறேன். நீங்கள் இப்போதே சிரிக்கத் தயாராக உட்கார்ந்திருப்பது தெரிகிறது. முழுக்கக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள், நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

அப்போது ஐம்பதுகள். நான் போடிக்காரன். எங்கள் அத்தா போடியில் மளிகைக்கடை வைத்திருந்தார், எனக்குத் தராசைப் பிடித்துக்கொண்டு நிற்கப் பொறுமை இல்லை, அதனால் வண்டி ஓட்டப் போய்விட்டேன். மலையுச்சியில் இருக்கிற போடிமெட்டைத் தாண்டி அந்தப் பக்கம் ஒரு ஏலத்தோட்டத்தில் ஜீப் டிரைவர் வேலை. பெரிய சண்டை முடிந்ததும் பட்டாளத்தில் கழித்துவிட்ட ஜீப்புகள் மலை முழுக்க வந்திருந்த காலம் அது, எங்கள் தோட்டத்து ஜீப்பும் அப்படி வந்ததுதான். மேலே அரிசி பருப்பு ஏற்றிக்கொண்டு போவது, கீழே ஏலக்காய் மூட்டை கொண்டுவருவது, இதுதான் சோலி. தோட்டத்திலேயே தகரக்கூரை போட்ட ஒரு வீடு கொடுத்திருந்தார்கள். கல்யாணமானதும் என் வீட்டுக்காரி ஜமீலாவும் அங்கே வந்துவிட்டாள். அவள் தம்பி காதர் தோட்டத்து ஸ்டோரில் காய் தரம் பிரிக்கிற வேலையில் எங்களோடேயே இருந்தான். நன்றாக வளர்ந்த ஆள், வாய் மட்டும் ஓயாது, ஆனால் மலைரோட்டில் இறங்கி நடந்தால் அவனைப் போல நிதானம் எவனுக்கும் வராது.

அந்த ரோட்டை இப்போது பார்க்கிற கண்ணோடு நினைக்காதீர்கள். ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் ஒன்றுமே இல்லை, நடுவில் ஒரு வண்டி போக வழி, அவ்வளவுதான் அன்றைய ரோடு. மழைக்காலத்தில் மஞ்சு இறங்கும். மூடுபனியை நாங்கள் மலையில் மஞ்சு என்றுதான் சொல்வோம். அது இறங்கிவிட்டால் பட்டப்பகலில் கூட ஜீப்பின் மூக்கு நமக்குத் தெரியாது, லைட் போட்டால் இன்னும் மோசம், அத்தனை வெளிச்சமும் திரும்பி நம் முகத்திலேயே அடிக்கும்.

அதற்கென்று டிரைவர்கள் ஒரு வழக்கம் வைத்திருந்தோம். வண்டியில் வருகிறவர்களில் ஒருத்தர் கீழே இறங்கி, ஒரு வெள்ளைத் துண்டை முதுகில் விரித்துப் போட்டுக்கொண்டு வண்டிக்கு முன்னால் நடப்பார். டிரைவர் ரோட்டைத் தேடவே கூடாது, அந்தத் துண்டை மட்டும் பார்த்து ஊர்ந்துகொண்டே போக வேண்டும். முன்னால் போகிறவர் பாறைப் பக்கமாகவே, பாறையைக் கையால் தடவிக்கொண்டே நடக்க வேண்டும். கையைத் தூக்கினால் நிறுத்து, கையை இறக்கினால் வா. அவர் திரும்பிப் பார்க்கக் கூடாது, பேச்சுக் கொடுக்கக் கூடாது, ஏனென்றால் அவர் கண் ரோட்டில் இருக்க வேண்டும். எத்தனை அவசரமானாலும் டிரைவர் ஹார்ன் அடித்து அவரை விரட்டக் கூடாது. இந்த வழக்கத்தால் பிழைத்த வண்டிகள் ஏராளம். நானும் எத்தனையோ தடவை காதரை முன்னால் விட்டு அப்படி இறங்கியிருக்கிறேன்.

ஐப்பசி மாதம். ஜமீலாவுக்கு நாள் நெருங்கிவிட்டது, அடுத்த வாரம் போடிக்குக் கூட்டிக்கொண்டு போய் அவள் அம்மா வீட்டில் விடுவதாகத்தான் இருந்தோம். அதற்குள் ஒரு நாள் விடிகாலையிலேயே வலி வந்துவிட்டது. தோட்டத்தில் பிரசவம் பார்க்கிற ஒரு மலையாளத்து அம்மா இருந்தாள், சேச்சி என்று கூப்பிடுவோம், மலையில் பாதிப் பிள்ளைகள் அவள் கையில் பிறந்தவைதான். அவள் வந்து வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு வெளியே வந்தாள். முகம் செத்துப்போயிருந்தது.

"கொச்சு குறுக்கே கிடக்குது. ஞான் தொட மாட்டேன். வேகம் போடிக்குக் கொண்டு போ, இல்லேங்கில் ரெண்டும் போயிடும்" என்றாள். கொச்சு என்றால் அவர்கள் பேச்சில் குழந்தை.

கூட வரச் சொல்லிக் கெஞ்சினேன். தொழிலாளர் லயத்தில் இன்னொரு பெண்ணுக்கும் அன்றைக்கே வலி, விட்டுவிட்டு வர முடியாது என்றாள். அவளைக் குறை சொல்ல முடியாது.

ஜீப்பின் பின்பக்கத்தில் காலி ஏலக்காய்ச் சாக்குகளை அடுக்கி, மேலே ஜமுக்காளத்தை மடித்துப் போட்டு, ஜமீலாவை எங்கள் சீட்டுக்கு முதுகைச் சாய்த்து உட்கார வைத்தோம். அவள் கால் நீட்டியிருந்தது பின்பக்கம், முகமும் பின்பக்கம். கித்தான் கூண்டின் பின்மறைப்பைச் சுருட்டிக் கட்டிவிடச் சொன்னாள், மூச்சு முட்டுகிறதாம். காதர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தான். நான் கிளம்பும் முன் வழக்கம் போல எண்ணெய், தண்ணீர், டயர் எல்லாம் பார்த்தேன். பிரேக் ஆயில் விளிம்பு வரை இருந்தது, பெடலை மிதித்தால் கல் மாதிரி நின்றது. அந்த அவசரத்திலும் இதைப் பார்த்தேன் என்பதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

போடிமெட்டு வரை வெயில் இல்லாவிட்டாலும் ரோடு தெரிந்தது. மெட்டில் வந்து சரிவுக்கு முகம் திருப்பியதும் கீழே எல்லாமே வெள்ளை. போடியும் இல்லை, பள்ளத்தாக்கும் இல்லை, ரோடே இல்லை. மஞ்சு கலையும் வரை காத்திருக்கலாம் என்றால் பின்னால் ஜமீலா பல்லைக் கடித்துக்கொண்டு முனகுகிற சத்தம். நான் ஒன்றும் சொல்லாமலே காதர் துண்டை உதறி முதுகில் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டான். அக்காவின் நெற்றியில் ஒரு தடவை கை வைத்துவிட்டுப் போனான்.

முதல் கியரில் போட்டு அவன் பின்னால் ஊர்ந்தேன். அவன் முதுகுத் துண்டு மட்டும் மங்கலாக ஆடிக்கொண்டே போனது. கொண்டை ஊசி வளைவுகள் சிலதைத் தாண்டியிருப்போம், காதர் கையைத் தூக்கினான், நிறுத்தினேன். மழையில் சரிந்து வந்த கற்கள் ரோட்டில் கிடந்தன. அவன் குனிந்து குனிந்து அவற்றை உருட்டித் தள்ளுவது நிழல் மாதிரி தெரிந்தது. பிறகு துண்டு நிமிர்ந்தது, கை இறங்கியது. நான் வண்டியை எடுத்தேன். அவன் கண்ணுக்குத் தப்பின ஏதோ ஒரு கல் வண்டிக்கு அடியில் டமார் என்று ஒரு அடி அடித்தது. ஜமீலா அலறினாள். நான் கல்லை ஒரு கெட்ட வார்த்தை சொல்லித் திட்டிவிட்டு முன்னால் பார்த்தேன், துண்டு போய்க்கொண்டிருந்தது, நானும் போனேன்.

அங்கிருந்து கீழே வருகிற வரைக்கும் எனக்கு எரிச்சல். ஏனென்றால் காதர் பாறைப் பக்கத்தை விட்டுவிட்டு ரோட்டின் நட்டநடுவில் நடக்க ஆரம்பித்துவிட்டான். பாறையைத் தொடாமல், தடவாமல், வீட்டு முற்றத்தில் நடக்கிற மாதிரி நடக்கிறான். வழக்கத்தை இவன் மீறுகிறானே, பள்ளத்தில் போய் விழப்போகிறானே என்றிருந்தது. கூப்பிடக்கூடாது என்பதால் வாயை அடக்கிக்கொண்டேன். நடையும் மாறியிருந்தது. காதர் கொஞ்சம் துள்ளி நடப்பான், இது அளந்து வைக்கிற நடை. அக்காவை நினைத்து இத்தனை கவனமாக நடக்கிறான் போல என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் கை உயர்ந்தது, நான் பிரேக்கை மிதித்தேன், வண்டி நின்றது. கை இறங்கியது, வந்தேன். சும்மா மெதுவானது என்று சொல்லவில்லை, நின்றது என்று சொல்கிறேன். சரிவில், அத்தனை பாரத்தோடு, அசையாமல் நின்றது.

பாதி வழியில் ஒரு இடத்தில் கை தூக்கினவன் இறக்கவே இல்லை. ஜமீலாவின் சத்தம் குறைந்துகொண்டே வந்தது. கத்துகிறவரைக்கும் பயமில்லை, சத்தம் குறைந்தால்தான் பயம். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அல்லாவே, இவன் ஏன் மரம் மாதிரி நிற்கிறான் என்று ஸ்டியரிங்கைக் குத்தினேன். அப்போது மஞ்சுக்குள்ளிருந்து கொம்புகள் வந்தன. மலைமாடுகள், பெரிய மந்தை, கீழே மழை என்று மேலே ஓட்டிக்கொண்டு வருகிறார்கள். நான் நிற்காமல் வந்திருந்தால் அத்தனை மாட்டுக்கு நடுவில் விழுந்து பள்ளத்துக்குத்தான் போயிருப்பேன். மாடுகள் ஜீப்பின் முன்பக்கத்தை உரசிக்கொண்டு வந்தன, ஆனால் பின்பக்கம் போனதும் என்ன கண்டனவோ, எல்லாம் பாறையோரம் ஒடுங்கி ஒன்றன் பின் ஒன்றாகப் போயின. மந்தை மேய்க்கிற பெரியவர் என்னைத் தாண்டும்போது தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார். தோட்டத்து ஜீப்புக்கு மரியாதை போல என்று நினைத்துக்கொண்டேன்.

மஞ்சு மெலிந்தபோது மலையடியில் இருக்கிற முந்தலுக்கு மேல் கடைசி வளைவில் இருந்தோம். துண்டு வளைவைச் சுற்றிப் போனது. நான் சுற்றி வந்தேன். ரோடு முந்தல் வரைக்கும் பளிச்சென்று கிடந்தது, ஒரு ஆள் இல்லை. காதர் ஒதுங்கப் போயிருப்பான், பின்னால் வேறு ஏதாவது வண்டி பிடித்து வந்து சேரட்டும் என்று நான் நிற்காமல் மிதித்துவிட்டேன். திரும்பி ஜமீலாவைப் பார்த்தேன். கண் திறந்திருந்தது. உதடு வெளுத்துப் போயிருந்தது, ஆனாலும் யாரையோ பார்த்துத் தலையாட்டுகிற மாதிரி லேசாகத் தலையை ஆட்டினாள். வலியில் நினைவு தப்புகிறது என்று நினைத்து இன்னும் அழுத்தி மிதித்தேன்.

போடி ஆஸ்பத்திரி வாசலுக்குள் திரும்பியதும் பிரேக்கை மிதித்தேன். பெடல் தொபுக்கென்று தரையில் போய் உட்கார்ந்தது. ஒன்றுமே இல்லை, காற்றை மிதிக்கிற மாதிரி. கியரைப் பிடித்து இழுத்து, கட்டட வேலைக்குக் கொட்டியிருந்த மணல் குவியலில் வண்டியை ஏற்றித்தான் நிறுத்தினேன். மலை பூராவும் நின்ற வண்டி சமதரையில் நிற்கவில்லை. அந்த நேரத்தில் அதை யோசிக்க எனக்கு எங்கே நேரம், நல்லவேளை இங்கே வந்து போச்சு என்று நினைத்துக்கொண்டு ஜமீலாவைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

டாக்டரம்மா பார்த்த பார்வையிலேயே உள்ளே கொண்டுபோகச் சொல்லிவிட்டார். வயிற்றைக் கிழித்துத்தான் எடுக்க வேண்டும், இரண்டு உயிருக்கும் உறுதி சொல்ல முடியாது, கொஞ்சம் பிந்தியிருந்தால் கூட்டிக்கொண்டு வந்திருக்கவே வேண்டாம் என்று நேராகச் சொன்னார். நான் வராந்தாவில் உட்கார்ந்து தெரிந்த துவாவை எல்லாம் ஓதினேன், தெரியாததை அழுதேன். வெயில் சாய்கிற நேரத்துக்கு உள்ளேயிருந்து ஒரு குழந்தை வீல் என்று கத்தியது. பொம்பளைப் பிள்ளை. தாய் இன்னும் கண் விழிக்கவில்லை, ஆனால் பிழைத்துக்கொள்வாள் என்றார்கள். நான் அந்தத் தரையிலேயே நெற்றியை வைத்தேன்.

அப்புறம்தான் காதர் வந்தான். கரி லாரி ஒன்றில் ஏறி வந்திருக்கிறான், ஒரு கால் பானை மாதிரி வீங்கியிருந்தது, உடம்பெல்லாம் சேறு. வாசலில் என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டான். பேயைப் பார்க்கிற மாதிரி பார்த்தது அவன்தான், நான் இல்லை.

"அக்கா?" என்றான்.

"இருக்கா. பொம்பளப் புள்ள பொறந்திருக்கு. நீ எங்கடா மாப்ளே கடைசி வளைவுல காணாமப் போன?"

அவன் படியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். அழுது முடித்துத்தான் பேசினான்.

"கடைசி வளைவா? நான் மேலயே விழுந்துட்டேன் மச்சான். கல்லு கெடந்துச்சுல்ல, அங்கேயே. கடைசிக் கல்லத் தள்ளும்போது கால் வழுக்கி பாறையோர ஓடைக்குள்ள விழுந்துட்டேன். நீ பாட்டுக்கு என்னத் தாண்டிப் போற. நில்லு நில்லுன்னு கத்துறேன், நீ நிக்கல."

அப்படியானால் கையைத் தூக்கி இறக்கினது யார் என்று கேட்டேன். அவன் கையைத் தூக்கினது நிஜம், கற்களைப் பார்த்து நிறுத்தினது அவன்தான். வா என்று கையை இறக்கவே இல்லை என்றான். அதற்கு முன்பே விழுந்துவிட்டான்.

இதற்குமேல் அவன் சொன்னதைக் கேளுங்கள். ஓடையிலிருந்து தவழ்ந்து மேலே ஏறினால் ரோட்டில் வழவழவென்று ஏதோ கிடந்திருக்கிறது. தொட்டு மோந்து பார்த்திருக்கிறான். பிரேக் ஆயில். வண்டி போன தடத்தோடேயே கோடு போட்ட மாதிரி அடுத்த வளைவு வரை போயிருக்கிறது, அதற்குப் பிறகு சொட்டுகூட இல்லை, இருந்ததெல்லாம் தீர்ந்துவிட்டது.

"பிரேக் இல்லாத வண்டியில எங்கக்கா போறான்னு எனக்குத் தெரியும் மச்சான். உனக்குத் தெரியாது. அந்தக் கால வச்சுக்கிட்டு ஒவ்வொரு வளைவுலயும் ஓரத்துல படுத்துக் கீழ எட்டிப் பாத்துக்கிட்டே வந்தேன். அடுத்த வளைவுல கெடப்பீங்க, அடுத்த வளைவுல கெடப்பீங்கன்னு..." நான் அவன் தலையை என் மடியில் பிடித்து வைத்துக்கொண்டேன்.

நீங்கள் கேட்கப் போவதை நானே கேட்டுக்கொண்டேன். முதல் கியரில் இறங்கினால் வண்டி மெதுவாகத்தானே வரும் என்பீர்கள். வரும், ஆனால் நிற்காது. கைப்பிரேக் அந்தப் பட்டாளத்து ஜீப்பில் பேருக்கு ஒன்று இருந்தது, அந்தச் சரிவில் ஒரு ஆட்டுக்குட்டியைக்கூட நிறுத்தாது, நான் அன்றைக்கு அதைத் தொடவும் இல்லை. மறுநாள் மெக்கானிக் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தார். கல் அடித்துப் பிரேக் குழாய் இரண்டாக அறுந்து தொங்கியது, அறுந்த வாயில் மலைச்சேறு அடைத்துக் காய்ந்து போயிருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் அறுந்தது இல்லை, மேலேயே அறுந்துவிட்டது, இதோடு எப்படி இறக்கினாய் என்று என்னைக் கேட்டார். மாட்டு மந்தைக்கு முன்னால் அத்தனை நேரம் நின்றேனே, அதை நினைத்தேன். அவருக்கும் எனக்குமாக இரண்டு டீ வாங்கினேன்.

காதரும் நானும் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். ஜமீலாவிடம் இதை மூச்சுவிடக் கூடாது, பச்சை உடம்புக்காரி, பயந்துவிடுவாள். அவள் இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் தெளிவாகப் பேசினாள். குழந்தையை மார்போடு வைத்துக்கொண்டு, ஒன்றுமில்லாத விஷயம் மாதிரி என்னைக் கேட்டாள்.

"ஏங்க, பின்னால கயிறு பிடிச்சுக்கிட்டு வந்தவங்களுக்குக் காப்பித்தண்ணியாச்சும் வாங்கிக் கொடுத்தீங்களா?"

அந்தக் காலத்தில் பாரம் ஏற்றின மாட்டுவண்டி மலையிறங்கும்போது, மாட்டின் மேல் வண்டி பாயாமல் இருக்க, பின்னால் வடம் கட்டி ஆட்கள் இழுத்துப் பிடித்துக்கொண்டே வருவார்கள். ஜமீலா சின்னப்பிள்ளையில் அதைப் பார்த்திருக்கிறாள். ஜீப்புக்கும் அப்படி ஆள் வைத்து நான்தான் ஏற்பாடு பண்ணியிருக்கிறேன் என்று அவள் நினைப்பு. நான் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு, எத்தனை பேர், எப்படி இருந்தார்கள் என்று மெதுவாகக் கேட்டேன். மஞ்சுக்குள்ளே எண்ண முடியவில்லை, ஆணும் பெண்ணுமாக நிறையப் பேர், பின்னால் போகப் போக இன்னும் இருந்தார்கள் என்றாள். எல்லோரும் குதிகாலை ரோட்டில் ஊன்றிப் பின்னால் சாய்ந்து சாய்ந்து வந்தார்களாம். மாடுகள் வந்தபோது அந்தக் கயிற்றை அப்படியே இறுக்கிப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றார்களாம். மாடு மேய்க்கிற பெரியவர் துண்டை எடுத்தது எனக்கில்லை என்று அப்போதுதான் உறைத்தது.

"பாவம், கயிறு அறுத்து அவங்க கையெல்லாம் ரத்தம். ஒருத்தரும் மொகத்தச் சுளிக்கல. எனக்குக் கிட்டக்க வந்த ஒருத்தர், பயப்படாத ஆத்தா, பிடிச்சிருக்கோம்னு சொன்னாரு. அப்பறம்தான் எனக்குத் தைரியம் வந்துச்சு" என்றாள்.

குழந்தையை என் கையில் வாங்கிக்கொண்டேன். எங்கோ இருந்து யார் யாரோ வந்து என் பெண்டாட்டியையும் பிள்ளையையும் கை கிழியப் பிடித்து இறக்கியிருக்கிறார்கள், அவர்களுக்கு நான் யார், எனக்கு அவர்கள் யார். ஆனந்தமா, பயமா என்று சொல்லத் தெரியவில்லை, பள்ளிவாசலில் பெருநாள் தொழுகைக்குக் கூட்டத்தோடு நிற்கும்போது நெஞ்சு நிறையுமே, அது மாதிரி நிறைந்துகொண்டு வந்தது. அந்த ரோடு போட்டபோது செத்தவர்கள் என்று முந்தலில் ஒருத்தர் சொன்னார், இன்னொருத்தர் அதெல்லாம் மலைத்தெய்வத்தின் ஆட்கள் என்றார், எங்கள் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேட்டால் அல்லாஹ்வின் காவல், அதைக் கிளறாதே என்றார். நான் கிளறவில்லை.

குழாயை மாற்றி, குழந்தையோடு மறுபடி தோட்டத்துக்குப் போய்விட்டோம். அடுத்த தடவை போடிக்கு இறங்க மெட்டில் வந்து நின்றபோது நல்ல வெயில், மஞ்சு கிஞ்சு ஒன்றும் இல்லை. ஜமீலா பிள்ளையை வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருந்தாள். திரும்பிப் பார்த்தாள். "எடுங்க. பிடிச்சுக்கிட்டாங்க" என்றாள், அரிசி வெந்துவிட்டது என்று சொல்கிற மாதிரி. நானும் திரும்பிப் பார்த்தேன், வெறும் ரோடு. ஆனால் வண்டியை எடுத்தேன். அதற்குப் பிறகு எப்போது இறங்கினாலும் மெட்டில் நிறுத்துவேன், அவள் திரும்பிப் பார்ப்பாள், அதைச் சொல்வாள், நான் எடுப்பேன். நான் நம்பினேன் என்று சொல்லவில்லை. பிரேக்கைப் பார்ப்பதை நான் விடவும் இல்லை. இதையும் பார்த்தேன், அவ்வளவுதான்.

அப்படியிருக்கும்போது காதருக்குப் போடியில் நிக்காஹ், அவன் முன்னாடியே இறங்கிப் போய்விட்டான். காலையில் பிள்ளைக்குப் புதுச் சட்டை போட்டு, நாங்கள் எல்லாம் கிளம்பி மெட்டுக்கு வந்துவிட்டோம். நல்ல வெளிச்சம், காய்ந்த ரோடு, பிரேக் கல் மாதிரி இருக்கிறது. ஜமீலா திரும்பிப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். வழக்கமான வார்த்தை வரவில்லை. இறங்கி வண்டிக்குப் பின்னால் கொஞ்ச தூரம் நடந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து, பிள்ளையை இறுக்கிக்கொண்டு, "இன்னிக்கு வேணாங்க. யாரும் வரல" என்றாள்.

அவள் கூடப்பிறந்த ஒரே தம்பியின் கல்யாணம். நான் சாவியைக் கழற்றி ஜேபியில் போட்டேன், பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டேன், மூன்று பேரும் மலை முழுக்க நடந்தே இறங்கினோம். நிக்காஹ் முடிந்து பந்தியும் பாதி எழுந்த பிறகுதான் போய்ச் சேர்ந்தோம். சொந்தக்காரர்கள் எல்லாம் முகம் திருப்பிக்கொண்டார்கள். மாப்பிள்ளைக் கோலத்தில் இருந்த காதர் எங்கள் காலில் இருந்த புழுதியைப் பார்த்தான், என் முகத்தைப் பார்த்தான், அவனே செம்பில் தண்ணீர் கொண்டுவந்து அவன் அக்காவின் காலைக் கழுவினான்.

அன்றைக்கு அந்த ரோட்டில் ஒன்றும் நடக்கவில்லை. விசாரித்தேன், எல்லா வண்டியும் போய் வந்தன, ஒரு கல்கூட உருளவில்லை. நாங்கள் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எவன் சொல்ல முடியும். சும்மா அவள் மனதில் ஏதோ தோன்றியிருக்கும் என்று நான் ரொம்ப வருஷம் என்னையே சமாதானப்படுத்திக்கொண்டிருந்தேன். பேத்தி எல்லாம் பிறந்த பிறகு ஒரு சாயங்காலம், சும்மா பேச்சுவாக்கில் ஜமீலாவிடம் கேட்டேன், அன்றைக்கு அப்படி என்னதான் பார்த்தாய் என்று. அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள், கை நின்றது.

"ஒண்ணும் பாக்கலைங்க. ரோடு காலியா இருந்துச்சு" என்றாள். அடுத்த வெங்காயத்தை எடுத்தவள் அவளாகவே சொன்னாள், "அந்த ரோட்ட நான் அதுக்கு முன்னால ஒருநாளும் காலியாப் பாத்ததில்ல."